ஒரே சொடுக்கில் போகாத மச்சம்

எந்தக் கல்யாணத்திலும் முதல் படம் அக்காவுடையதுதான். மணப்பெண் அலங்காரம் முடித்து வருவதற்குள், மாப்பிள்ளை தன் ஷூவின் இன்னொரு காலைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள், அக்கா அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றுகொள்வாள். கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சாம்பல் அட்டை. அதைத் தாடையோரம் பிடித்து, முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, "சீக்கிரம் அமுக்குடி, எவனாவது என்னைப் பொண்ணுன்னு நெனச்சு மாலையப் போட்டுடப் போறான்" என்பாள். தங்கை ஒருமுறை அமுக்குவாள். அந்த அட்டை படத்தில் சாம்பலாகவே தெரிந்தால் மற்ற நிறங்களும் உள்ளபடி இருக்கின்றன என்று பொருள். மண்டபத்து விளக்கு மஞ்சளோ நீலமோ, அட்டையை ஏமாற்ற முடியாது.

அந்தத் தங்கையைத்தான் அக்கம்பக்கத்தில் படக்காரி என்று கூப்பிட்டார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் மேடை ஏறியபோது கேலியாக வைத்த பெயர். பிறகு அதுவே நிலைத்தது. கடைப்பலகையில் வேறு என்னவோ எழுதியிருந்தது, அதை யாரும் படித்ததில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செருகிய அட்டைபோல ஒடுங்கிய கடை. முன்னால் கண்ணாடியும் சீப்பும், நடுவில் நீலத்திரையும் முக்காலியும், பின்னால் ஒரு கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் கணினி. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் முதலில் அக்கா கையில்தான் மாட்டுவார்கள். காலரை இழுத்துவிடுவாள், தலையைச் சீவிவிடுவாள், "இப்படி மொறச்சா எந்த நாட்டுக்காரன் உள்ள விடுவான்?" என்று கேட்பாள். அவர்கள் சிரிப்பை அடக்கும் அந்த நொடியில் படக்காரி அமுக்கிவிடுவாள். அத்தான் போன பிறகு அக்கா தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு மகளோடு இங்கே வந்தவள். வந்த அன்று துணைக்கு உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவேயில்லை.

திருத்துவதில் படக்காரி கெட்டிக்காரி. கணினியில் அதற்கென்று ஒரு கருவி உண்டு. அதன் சின்னமே காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரிதான். ஒரு வட்டம் வரும். பருவின் மேல் வைத்துச் சொடுக்கினால் பரு இருந்த இடத்தில் சுற்றியுள்ள தோல் வந்து மூடிக்கொள்ளும். வாடிக்கையாளர் படங்களில் அவர்கள் கேட்டதை மட்டும் எடுப்பாள். மூலப்படத்தைத் தொடவே மாட்டாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு ஃபோல்டர், அதில் அன்று அமுக்கிய அத்தனையும், கண் மூடியது, கை ஆடியது, இருட்டியது எல்லாம். அடுத்தவர் சொத்தை அழிக்க நாம் யார் என்பாள்.

வீட்டுப் படங்களுக்கு அந்த மரியாதை கிடையாது. நம்மவர்கள் அசிங்கமாக இருக்கிற படம் உலகத்தில் இருக்கக்கூடாது என்பது அவள் கொள்கை. அக்கா மகள் பிறந்தநாளோ, கடற்கரையில் ஒரு மாலையோ, எடுத்த கையோடு உட்கார்ந்து, கண்ணுக்குக் கீழே கருவளையத்தை வெளுத்து, நெற்றியில் வியர்வையைத் துடைத்து, பின்னால் தெரியும் குப்பைத்தொட்டியைத் தூக்கிவிட்டு, நல்லதைச் சேமித்து மூலத்தை அழித்துவிடுவாள். இடமும் மிச்சம், மனசுக்கும் நிம்மதி.

அந்தப் படங்களில் முதலில் போவது அக்காவின் மச்சம்.

இடது காதுக்குக் கீழே, தாடை எலும்பு வளையும் இடத்தில், ஓர் எறும்பு உட்கார்ந்ததுபோல ஒரு மச்சம். பள்ளிக்கூடத்தில் அக்காவுக்கு எறும்பு என்றே பெயர். சர்க்கரையைக் கொண்டுவந்து கன்னத்தில் தடவிய பிள்ளைகளும் உண்டு. அதற்காகவே அக்கா பள்ளிக்கூடம் முடியும்வரை காதை மூடித் தலை வாரினாள். படக்காரி இந்தக் கருவியைப் பழகிய முதல் வாரத்தில், அக்காவின் படம் ஒன்றைத் திறந்து, அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரே ஒரு சொடுக்கு. எறும்பு போயே போய்விட்டது. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தன வருஷம் இவ எங்கடி இருந்தா?" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மச்சத்தோடு அக்காவின் படம் ஒன்றுகூட மிஞ்சியதில்லை. சுவர் முழுக்க மாசு மறுவில்லாத அக்காக்கள். வீட்டில் நடமாடுகிறவளை விட்டுவிட்டு அவர்களைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

ஒரே ஒரு தடவை இந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லுபடியாகவில்லை. அத்தான் இறந்தபோது மாட்டுவதற்கு ஒரு பெரிய படம் வேண்டியிருந்தது. படக்காரி தன் அன்பையெல்லாம் காட்டித் திருத்தினாள். புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் பழைய தழும்பையும் எடுத்துவிட்டாள். அக்கா படத்தைப் பார்த்தாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. "இது யாருடி? என் வீட்டுக்காரர எங்க?" என்றாள். படக்காரி வேறொரு படத்திலிருந்து அந்தத் தழும்பை வெட்டி எடுத்து, அதே இடத்தில், அதே சாய்வில் திரும்ப வைத்துக் கொடுத்தாள். வைத்த அடையாளமே தெரியவில்லை. அக்கா அதைச் சுவரில் மாட்டிவிட்டு, "நீ எடுக்கவும் செய்வ, வைக்கவும் செய்வ" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அழைப்பிதழோடு அனுப்ப அம்மாவும் மகளுமாக ஒரு படம் எடுத்தார்கள். நல்ல படம். மகள் ஏதோ சொல்ல, அக்கா தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். படக்காரி வழக்கம்போல பிளாஸ்திரியை எடுத்தாள், மச்சத்தின்மேல் வைத்தாள், சொடுக்கினாள்.

போகவில்லை.

நடுவில் இருந்தது போயிற்று, சுற்றிலும் ஒரு கறுப்பு வளையம் நின்றது. மறுபடி சொடுக்கினாள். வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் கரைந்தது. கையில் பிடித்திருந்த வட்டம் சிறியதாக இருக்கிறது என்று அதைப் பெரிதாக்கினாள். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். அப்புறம் ஒரே சொடுக்கில் சுத்தமாகப் போனது. சேமித்தாள், மூலத்தை அழித்தாள், அடுத்த படத்துக்குப் போனாள். அடுத்த படம் ஒரு பிள்ளையின் பாஸ்போர்ட் படம். பிள்ளையின் கன்னத்தில் ஒரு சிறு மை. பிளாஸ்திரியை அதன்மேல் வைத்தபோது, வட்டம் பாதிக் கன்னத்தை மூடியது.

அப்போதுதான் அந்த வட்டத்தை அவள் கவனித்தாள். இந்த வட்டத்தை நான் ஏன் இவ்வளவு பெரிதாக்கினேன்?

திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அக்கா ஒரு பெரியவருக்குக் காலரைச் சரி செய்துகொண்டிருந்தாள். கழுத்தில் வழக்கத்தைவிடப் பவுடர் அதிகம். பெரியவர் போகட்டும் என்று காத்திருந்து, அக்காவின் தலைமுடியை ஒதுக்கிப் பார்த்தாள். பவுடருக்கு அடியில் அது எறும்பாக இல்லை. ஈரத்தாளில் விழுந்த மைபோல ஒரு பக்கம் பரவியிருந்தது. ஓரத்தில் பொருக்கு.

"என்னக்கா இது?"

"சீப்பு பட்டுடுச்சு."

"எப்போ?"

"எப்பவாவது படும். துண்டுல லேசா ரத்தம் வரும், அப்புறம் நின்னுடும். உனக்கு இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா?"

கேலியாகத்தான் சொன்னாள். படக்காரிக்கு அது கேலியாகக் கேட்கவில்லை.

தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றாள் அக்கா, சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் வீணாகக் கதை கட்டுவார்கள் என்றாள், கடைசியில் வாசல்வரை வந்து செருப்பு கடிக்கிறது என்றாள். டாக்டர் இளைஞர், சிரித்த முகம். பெரிதாக்கிக் காட்டும் ஒரு சின்னக் கண்ணாடியை மச்சத்தில் அழுத்தி வெகுநேரம் பார்த்தார். பார்க்கும்போது சிரிப்பு இல்லை.

எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். பிறந்ததிலிருந்தே என்று அக்கா சொன்னாள். இப்படியேவா என்றார். இப்படியேதான் என்றாள் அக்கா, கொஞ்சமும் தயங்காமல். டாக்டர் படக்காரியைப் பார்த்தார். தினமும் பார்த்த முகம், ஆயிரம் தடவை பெரிதாக்கிப் பார்த்த முகம், அது எப்படி இருந்தது என்று சொல்ல அவளால் முடியவில்லை.

டாக்டர் விளக்கினார். ரொம்ப வருஷமாக மாறாமல் இருக்கிறது என்றால், பொருக்கு சீப்பு பட்டதாகவே இருக்கலாம், ஆறப்போட்டுப் பார்க்கலாம். வளர்ந்திருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது என்றால் ஒரு நாளும் தள்ளக்கூடாது, ஆழமாக வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், முகத்தில் தையல் விழும். "பழைய போட்டோ எதாவது இருந்தா கொண்டாங்கம்மா. அதுவே பாதி சொல்லிடும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் தங்கச்சி போட்டோ கடைதான் வெச்சிருக்கா டாக்டர். ஒண்ணு என்ன, வண்டியில ஏத்தி அனுப்புவா."

திரும்பிய அன்று மதியமே கடைக்குப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு படக்காரி தேட உட்கார்ந்தாள். வெளியே மழைக்கு முந்திய புழுக்கம். கடற்கரை, பிறந்தநாள், மகளின் பட்டமளிப்பு, புது வீட்டு வாசல். ஒவ்வொன்றிலும் அக்கா சிரித்தாள். ஒவ்வொன்றிலும் காதுக்குக் கீழே வழவழவென்று ஒன்றுமில்லை. முதலில் வேகமாகப் பார்த்தாள், பிறகு நிதானமாக, பிறகு பயந்து பயந்து. எந்த வருடம் எவ்வளவு பெரிய வட்டம் பிடித்தேன் என்று விரல்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. தான் கேமரா வாங்குவதற்கு முந்திய காலத்துப் படங்கள் இருந்த பழைய பெட்டியையும் இறக்கினாள். அவற்றில் காதை மூடிய தலைமுடிதான் இருந்தது. ஊரார் வீட்டுப் பருக்களையெல்லாம் பூட்டி வைத்துப் பாதுகாத்தவள், தன் வீட்டு மச்சத்தை ஒன்றுவிடாமல் துடைத்திருந்தாள்.

அக்கா பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. திரை நிறைய தன் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு செய்யேன். ஏதாவது பழைய படத்துல இப்ப இருக்கிற மாதிரியே வெச்சுக் குடு. டாக்டர் பாப்பாரு, மாறலன்னு விட்டுருவாரு. கல்யாணம் முடியட்டும். அப்புறம் தலையையே வெட்டிக்கட்டும், நான் கேக்க மாட்டேன்."

"விளையாடாதக்கா."

"நான் விளையாடல. பொண்ணு பக்கத்துல முகத்துல கட்டோட நிக்கச் சொல்றியா? அவ மாமியார் முதல் கேள்வியே அதத்தான் கேப்பா. அம்மாவுக்கு என்ன வியாதி, பொண்ணுக்கும் வருமான்னு." கொஞ்சம் நிறுத்தினாள். "போனவருக்குத் திரும்ப வெச்சுக் குடுத்தியே. எனக்கு வைக்க மாட்டியா?"

அக்கா எழுந்து, முன்னால் போய், யாருமில்லாத கடையில் சீப்பையும் கண்ணாடியையும் துடைக்கத் தொடங்கினாள்.

செய்திருக்கக்கூடாது, ஆனால் படக்காரியின் கை அந்த வேலையைத் தொடங்கிவிட்டது. அக்கா கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. அதோடு, உள்ளுக்குள் அவளுக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது. மாறவில்லை என்று சொல்லும் ஒரு படம் தன் கண்ணெதிரே இருந்தால் தானே அதை நம்பிவிடலாம் என்று தோன்றியது. கடற்கரைப் படத்தைத் திறந்தாள். கறுப்பாக ஒரு புள்ளி வைத்தால் டாக்டர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். தோலின் நுணுக்கம் வேண்டும், ஓரம் வேண்டும், நிஜ மச்சம் ஒன்று வேண்டும் வெட்டி எடுக்க. இப்போது புதிதாக எடுத்தால் பொருக்கும் சேர்ந்து வரும். அதற்கு எங்கே போவது? அக்காவைத் திருத்தாமல் விட்ட படம் எதில் இருக்கிறது?

அப்போதுதான் சாம்பல் அட்டை ஞாபகத்துக்கு வந்தது.

வெளிச்சம் பார்க்க எடுக்கும் படத்தை அவள் ஒருநாளும் படமாக நினைத்ததில்லை. யாருக்கும் அனுப்பியதில்லை, திறந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவை வாடிக்கையாளர் ஃபோல்டரில் முதல் ஆளாக, மற்றவர் சொத்தோடு சொத்தாக, பத்திரமாக இருந்தன. கடைசியாக எடுத்த கல்யாணத்தைத் திறந்தாள். மேடையில் தனியாக அக்கா, தாடையோரம் அட்டை, முகம் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. மச்சம் முழுவெளிச்சத்தில். வெட்டி எடுக்கப் போனாள். இந்த மேடை வெளிச்சம் கடற்கரை வெயிலுக்குப் பொருந்தாது என்று போன வருடத்துக் கல்யாணம் ஒன்றைத் திறந்தாள். அதில் மச்சம் சிறியது. அதற்கு முந்தின வருடத்தைத் திறந்தாள். இன்னும் சிறியது. இப்போது கை தானாகப் பின்னோக்கிப் போயிற்று. ஒவ்வொரு மேடையாக, ஒவ்வொரு பூ அலங்காரமாக, அக்காவின் தலையில் நரை குறைந்துகொண்டே வந்தது, மச்சம் சுருங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் ஓர் எறும்பு.

கேமரா மாறியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். லென்ஸ் மாறியிருக்கிறது. அந்த மண்டபத்தில் விளக்கு மோசம். சொல்லச் சொல்ல அந்த அட்டை ஒவ்வொரு படத்திலும் அதே அட்டையாக இருந்தது. அதன் மூலையில் ஒரு சிறு கறுப்புக் கட்டம் அச்சடித்திருக்கும். முதல் படத்தில் அந்தக் கட்டம் மச்சத்தைவிடப் பெரியது. நடுவில் இரண்டும் ஒன்று. கடைசிப் படத்தில் கட்டத்தை மச்சத்துக்குள் வைத்துவிடலாம். நிறத்தையும் அட்டை விடவில்லை. சாம்பல் சாம்பலாகவே இருந்தது, மச்சம் மட்டும் பழுப்பிலிருந்து கறுத்து, ஒரு ஓரத்தில் நீலம் பாரித்திருந்தது. ஏமாறக்கூடாது என்று அவள் வாங்கிய அட்டை அவளை ஏமாற விட மறுத்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஷட்டருக்கு அடியில் தண்ணீர் ஒரு நாக்குபோல உள்ளே வந்தது. அக்கா துணியைப் போட்டு அதைத் தடுக்கும் சத்தம் கேட்டது.

படக்காரி எட்டுப் படங்களை எடுத்தாள். முகத்தையும் அட்டையையும் ஒரே அளவாக வெட்டி, பாஸ்போர்ட் படம் போடும் தாளில் எட்டுக் கட்டத்திலும் வருட வரிசையில் வைத்து அச்சடித்தாள். ஒன்றையும் தொடவில்லை. தாள் ஈரம் காயும் முன்னே அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"வெச்சுட்டியா?" என்றாள் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டே. தாளைப் பார்த்தாள். கடையில் ஆயிரக்கணக்கில் பார்த்த தாள், எட்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்ற பழக்கத்தில் மேலோட்டமாகப் பார்த்தாள். "எட்டு எதுக்குடி? ஒண்ணு போதுமே." பிறகு கண்ணைச் சுருக்கினாள். முதல் கட்டத்தில் விரலை வைத்தாள். விரல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து, கடைசியில் நின்றது. மற்றக் கை அறியாமல் காதுக்குக் கீழே போயிற்று.

"போனவருக்கு வெச்சது வேறக்கா," என்றாள் படக்காரி. "அவர எந்த டாக்டரும் பாக்கப் போறதில்ல."

அக்கா தாளை இன்னொருமுறை முதலிலிருந்து பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் எடுத்திருக்க. எல்லாத்துலயும் கண்ணு தொறந்திருக்கு" என்றாள்.

மறுநாள் டாக்டர் அந்தத் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். யார் எடுத்தது என்று கேட்டார். பேனா முனை கட்டங்களுக்கு மேலே தொடாமல் நகர்ந்தது. ஆறாவதில் நின்றது, ஏழாவதுக்கு வந்தது, எட்டாவதற்குப் போகவே இல்லை. தாளைத் திருப்பித் தராமல் கோப்பில் வைத்துக்கொண்டார். கல்யாணம் எப்போது என்று விசாரித்தார். தேதியை அக்கா சொன்னாள். அவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. இந்த வாரமே வந்துவிடுங்கள் என்றார். சம்பந்தி, தையல், கட்டு என்று அக்கா ஏதேதோ சொல்ல, முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு படக்காரியிடம் திரும்பி, "வீட்டுல வேற பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்றார்.

"நாங்க ரெண்டு பேருதான் டாக்டர்," என்றாள் அக்கா. "என்ன சொல்றதா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லலாம்."

சோதனை முடிவு வரட்டும் என்று மட்டும் அவர் சொன்னார்.

கடைக்குத் திரும்பியபோது யாரும் காத்திருக்கவில்லை. அக்கா விளக்குகளைப் போட்டாள். நீலத்திரைக்கு முன்னால் போய் நின்று, அலமாரியிலிருந்த சாம்பல் அட்டையை எடுத்துத் தாடையோரம் பிடித்தாள். முகத்தைக் கர்ச்சீப்பால் துடைத்தாள், கழுத்திலிருந்த பவுடரையும் சேர்த்து. தலைமுடியைக் காதுக்குப் பின்னால் இறுக்கிச் செருகினாள்.

"எடு. வெட்டினப்புறம் இருக்காது."

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். நானும் ஒரு வாடிக்கையாளர்னு வெச்சுக்கோ."

இந்த முறை கேலி வரவில்லை. படக்காரி அமுக்கினாள். திரையில் படம் விரிந்தபோது மவுஸ் தானாகவே பிளாஸ்திரியின் மேல் போய் நின்றது. வட்டம் வந்தது, பெரிய வட்டம், அன்று வைத்த அதே அளவு. கையை எடுத்துவிட்டாள்.

வீட்டுப் படங்கள் இருக்கும் இடத்தில் அதைப் போட அவளுக்குத் தைரியமில்லை. அங்கே எதுவும் உள்ளபடி நிலைத்ததில்லை. கல்யாணங்களின் வரிசையில், அழிக்கக் கூடாதவற்றுக்கு நடுவில், ஒரு புது ஃபோல்டர் திறந்து 'அக்கா' என்று பெயர் கொடுத்தாள். அதில் ஒரே ஒரு படம். மற்ற ஃபோல்டர்களில் வெளிச்சம் பார்க்கும் முதல் படத்துக்குப் பிறகு மணப்பெண்ணும் மாப்பிள்ளையுமாக நூற்றுக்கணக்கில் படங்கள் வரிசைகட்டி நிற்கும். இதில் அதற்கு அப்புறம் வெறும் வெள்ளை.

"வெளிச்சம் சரியா இருக்கா?" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கேட்டாள்.

"இருக்குக்கா," என்றாள் படக்காரி. "கொஞ்ச நேரம் அப்படியே நில்லு. இன்னொண்ணு எடுத்துக்கறேன்."